கழிக்கும் ஒரு தடைக்காலம்



பண்ணையில் வளரும் மீனால் இயற்கை மீனுக்கு வரும் கேட்டைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். உலகில் இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் சால்மன் மீனில்தான் தொடங்கும். திண்டிவனத்தில் கூடியிருக்கும் நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். அதற்குக் காரணம் உண்டு. சால்மன் ஆற்றில் பிறக்கிறது, கடலுக்குப் போய் வளர்கிறது, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. நம் வெள்ளை இறால் கடலில் பிறக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அளவில் நீரோட்டத்தோடு மிதந்து, சில வாரங்களில் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் நுழைகிறது. அங்கே சில மாதங்கள் மேய்ந்து பெருத்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. திசைதான் மாறியிருக்கிறது, பயணம் ஒன்றே. இரண்டு உயிர்களும் வாழ்நாளில் இரு முறை ஒரு குறுகிய வாயிலைக் கடந்தாக வேண்டும். வளர்ப்புத் தொழில் இரண்டு இடங்களிலும் அந்த வாயிலை ஒட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் சொல்லப்போவது முழுவதும் இந்தப் பொருத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

சால்மன் நாடுகளில் ஐம்பது ஆண்டுப் பண்ணை அனுபவம் இருக்கிறது. அதை விடாமல் பின்தொடர்ந்த ஆய்வும் இருக்கிறது. கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் லட்சக்கணக்கான மீன்களை நெருக்கி வளர்க்கும்போது கடல் பேன் என்னும் ஒட்டுண்ணி பெருகுகிறது. கூண்டு மீனுக்கு மருந்து கொடுக்க ஆள் உண்டு. ஆற்றிலிருந்து முதன்முறையாகக் கடலுக்கு இறங்கும் சாண் நீளக் குஞ்சுக்கு யாரும் இல்லை. கூண்டுகளைத் தாண்டிப் போகும் வழியில் அதன் மெல்லிய தோலில் சில பேன்கள் ஏறிவிட்டாலே பிழைப்பது அரிது. கூண்டு உடைந்தால் வேறு வகைக் கேடு. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சைப்ரஸ் தீவருகே ஒரு பண்ணை சரிந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்லாண்டிக் சால்மன்கள் பசிபிக் நீரில் கலந்தன. மறு ஆண்டே அந்த மாநிலம் அயல் இனங்களைக் கடற்கூண்டுகளில் வளர்ப்பதை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தை இயற்றியது. நார்வேயில் ஆராயப்பட்ட ஆறுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், இயற்கை சால்மனின் மரபணுவில் பண்ணை மீனின் கலப்பு தெரிகிறது. அட்லாண்டிக் சால்மனின் உலக எண்ணிக்கை 2006க்கும் 2020க்கும் இடையே 23 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டு, 2023இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் நிலையை நெருங்கிய இனங்களின் வரிசையில் சேர்த்தது. வெப்பமாகும் கடல், அணைகள், ஆற்று மாசு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 2024 கோடையில் நார்வே தன் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதையே நிறுத்தி வைத்தது. கனடா அரசு, பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரத்தில் திறந்த வலைக்கூண்டுகளுக்கு 2029 ஜூன் 30 வரை மட்டுமே காலம் என்று அறிவித்திருக்கிறது.

இனி நம் கழிக்கு வருவோம். வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கும் கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர்ப் பரப்பு. வடகிழக்குப் பருவமழையில் மேற்கேயுள்ள ஏரிகளின் மிகைநீர் வந்து இதை நிறைக்கிறது. உப்புக்கல்லி ஓடையும் எடையன்திட்டுக் கழிமுகமும் இதை வங்கக் கடலோடு சேர்க்கின்றன. மழைக்காலத்தில் நன்னீர், கோடை நெருங்க நெருங்க உவர்நீர், பிறகு பெரும் பகுதி வெடித்த சேறு. இந்த ஏற்ற இறக்கம்தான் இறால், மடவை, கொடுவா, நண்டு ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு உணவும் மறைவிடமும் தருகிறது. பகை மீன்கள் தாங்க முடியாத உப்பு மாற்றத்தை இந்தக் குஞ்சுகள் தாங்கிக்கொள்கின்றன. இந்தக் கரையின் மீன்வளம் பழம்புகழ் உடையது. திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலைத் தலைநகராகக் கொண்டு ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், மரக்காணம் என்று பலரும் கருதும் எயிற்பட்டினத்தில் பாணர்களுக்குச் சுட்ட குழல்மீன் விருந்தாகக் கிடைக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவேலியில் 5,151.60 எக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, ராம்சார் தளமும் ஆயிற்று. இரண்டு அறிவிப்புகளையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இரண்டும் நிலத்தில் எல்லை போட்டுக் காப்பவை. முகத்துவாரத்தில் நுழையும் இறால் குஞ்சு அந்த எல்லைக்கு வெளியேதான் தன் வாழ்வின் ஆபத்தான நாட்களைக் கழிக்கிறது. மரக்காணம் கடற்கரையில் குஞ்சு பொரிப்பகங்களும், கழியோரத்தில் இறால் பண்ணைகளும், அவற்றுக்கு நடுவே உப்பளங்களும் இருக்கின்றன. குஞ்சு இவற்றையெல்லாம் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

இந்தத் தொழில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்த விதம் உங்களுக்குத் தெரியும், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் புலி இறால் பண்ணைகள் கிழக்குக் கரை நெடுகப் பெருகின. 1994இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் நம் பண்ணைகளைத் தாக்கியது. அதே ஆண்டில், காவிரிப் படுகையில் உழவர்களின் நிலமும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்துப் போராடிய காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறைகள் தவிர்த்த இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பிறகு 2005இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் தொழிலுக்குப் புது வழி திறந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது. முன்பே இருந்தவற்றுக்கு விலக்கு அளித்தது. 2009இல் பசிபிக் கரையின் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. 2023-24இல் நாட்டின் உறைய வைத்த இறால் ஏற்றுமதி 7 லட்சம் டன்னைத் தாண்டியது. அதே 2023இல் வந்த சட்டத் திருத்தம் பொரிப்பகங்களையும் கூண்டு வளர்ப்பையும் கடற்பாசி வளர்ப்பையும் இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இந்த முப்பதாண்டு வழக்கிலும் சட்டத்திலும் நிலம் பேசப்பட்டது, குடிநீர் பேசப்பட்டது, ஏற்றுமதி பேசப்பட்டது. கழிக்குள் தானாக வந்து வளரும் இறாலுக்காக வாதாடியவர்கள் மிகக் குறைவு.

ஒரு வனாமிக் குளத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலில் மோட்டார் வைத்துக் கழியிலிருந்து நீரை இறைக்கிறார்கள். குழாய் வாயில் நெருக்கமான வலைப்பை கட்டியிருக்கிறது. அதையும் தாண்டி வரும் உயிர்களைக் கொல்ல நீர்த்தேக்கத்தில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். வைரஸ் சுமக்கும் நண்டோ இறால் குஞ்சோ குளத்தில் நுழைந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். பண்ணைக்காரரின் கோணத்தில் நியாயமான கவலைதான். ஆனால் பெருக்கு நேரத்தில் இறைத்த அந்த நீரில் முகத்துவாரம் தாண்டி வந்த இயற்கைக் குஞ்சுகளும் இருந்தன. அவை வலைப்பையிலோ பிளீச்சிங்கிலோ முடிந்துபோகின்றன. பிறகு நண்டு ஏறாமல் இருக்கக் கரை சுற்றி வேலி, பறவை இறங்காமல் இருக்க மேலே கயிறு. மூன்று, நான்கு மாதம் கழித்து மதகைத் திறந்து அறுவடை செய்கிறார்கள். கடைசியாக வடியும் நீர் கறுத்து, தின்னாத தீவனமும் எச்சமும் கலந்த சேறாக வருகிறது. விதிப்படி அது சுத்திகரிப்புக் குளத்தில் இரண்டு நாளாவது தங்க வேண்டும். வனாமி வளர்ப்பவர் எவ்வளவு சிறிய பண்ணை வைத்திருந்தாலும் அந்தக் குளம் கட்டாயம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதற்கு இடம் ஒதுக்குகிறாரா, மதகு திறக்கும் இரவில் யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பது இந்த அரங்கில் இருக்கும் அலுவலர்களுக்கு நன்றாகத் தெரியும். வாய்க்காலில் இறங்கிய அந்த நீரைத்தான் அடுத்த பண்ணையின் மோட்டார் இறைக்கிறது; அதே நீருக்குள்தான் அடுத்த அமாவாசைப் பெருக்கில் குஞ்சுகள் நுழைகின்றன.

ஆக, உயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் நாம் எழுதி வைத்திருக்கும் விதிகளில் பெரும்பாலானவை ஒரு பக்கமே பார்க்கின்றன. கழியிடமிருந்து பண்ணையைக் காக்க வேலி, வலை, மருந்து எல்லாம் இருக்கின்றன. பண்ணையிடமிருந்து கழியைக் காக்க ஒரு குளமும் இரண்டு நாள் கெடுவும் இருக்கின்றன. வெள்ளைப்புள்ளி வைரஸ் பண்ணை இறாலோடு நின்றுவிடுவதில்லை. இயற்கை இறாலிலும் நண்டிலும் அது இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியிருந்தும் நோய் பற்றிய நம் அறிக்கைகளில் இயற்கை இறால் நோய் கொண்டுவரும் எதிரியாகவே இடம்பெறுகிறது. நோய் வாங்கிய உயிராக அதை யாரும் எழுதுவதில்லை.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. என் உரையின் மையமும் அதுதான். நம் சட்டம் பண்ணைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. விழுப்புரத்தில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் குழு முன் ஒரு விண்ணப்பம் வருகிறது: இத்தனை சர்வே எண், இத்தனை எக்டேர், அலைக்கோட்டிலிருந்து இத்தனை மீட்டர். விதிக்குள் அடங்கினால் பதிவு கிடைக்கிறது. அடுத்த விண்ணப்பமும் அப்படியே. ஒவ்வொரு பண்ணையும் தனித்தனியே விதிக்குள் இருக்கலாம், ஓடை ஒன்றே. குஞ்சு சந்திப்பது எல்லா மோட்டார்களின் மொத்த இறைப்பையும், எல்லா மதகுகளின் மொத்த வடிகாலையும். அந்த மொத்தத்தைக் கணக்கிடும் பொறுப்பு எந்த மேசையிலும் இல்லை. நார்வே 2017இல் செய்த மாற்றம் இங்கேதான் பாடமாகிறது. அந்த நாடு தன் கடற்கரையை 13 உற்பத்திப் பகுதிகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பகுதியிலும் கடல் பேனால் இயற்கை சால்மன் குஞ்சுகளில் எத்தனை சதவீதம் சாகின்றன என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பச்சை, தொழில் வளரலாம். 30ஐத் தாண்டினால் சிவப்பு. அந்தப் பகுதி முழுவதும் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். இடைப்பட்டது மஞ்சள். இந்த முறைக்கு அங்கேயே கடும் விமர்சனம் உண்டு. பேன் ஒன்றை மட்டும் பார்க்கிறது, தப்பிய மீனைப் பார்ப்பதில்லை, குறைப்பும் போதாது என்கிறார்கள். விமர்சகர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்கும் படுகிறது. ஆனால் அளவுகோல் சரி. தொழில் எவ்வளவு வளரலாம் என்ற கேள்விக்கு இயற்கை மீனின் உயிரை வைத்து, பகுதி முழுமைக்கும் சேர்த்து விடை தேடுகிறார்கள். எடையன்திட்டுக் கழிமுகத்துக்கு நாம் கேட்க வேண்டியதும் அதுவே.

முகத்துவாரமும் கழியும் சேர்ந்து ஒரே அலகு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் முகத்துவாரம் தூர்ந்து மீன்பிடி வருடத்துக்குச் சுமார் 1,700 டன்னாகச் சுருங்கியிருந்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் பிடிப்பு 10,000 டன்னைத் தாண்டியது. யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை, தீவனம் போடவில்லை. வழி திறந்தது, மீனும் இறாலும் நண்டும் தாமே வந்தன.

மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். தொழில் தரப்பின் வலுவான வாதம் இது: வனாமி நம் இறாலோடு இனம் சேராது, தாய் இறால் நோயற்றதாக வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகத்துக்குப் போகிறது, முன்போல் கடலிலிருந்து தாய் இறாலையும் கழியிலிருந்து குஞ்சையும் அள்ள வேண்டியதில்லை, ஆகவே சால்மன் ஒப்பீடு பொருந்தாது. இதில் பாதி உண்மை. புலி இறால் காலத்தில் குஞ்சு பிடிக்கிறோம் என்று நுண்வலையில் வாரி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்ற மீன் குஞ்சுகளைக் கரையில் கொட்டிய அழிவு வனாமியால் நின்றது. அதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தாய் நோயற்றது என்பதால் குளத்தில் வளரும் பிள்ளைக்கு நோய் வராது என்று ஆகிவிடாது; ஈ.எச்.பி. என்னும் நுண்ணுயிரி இன்று வனாமிப் பண்ணைகளை வாட்டிக்கொண்டிருக்கிறது. தப்பிப்பதும் நடக்கக்கூடியதே. தாய்லாந்தின் பாங்பகோங் ஆற்று முகத்தில் வனாமி இறால்கள் இயற்கை நீரில் பிடிபட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இதே திண்டிவனம் வட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழைக்கு முன் மண் கரை எத்தனை மணி நேரம் நிற்கும்? ஒருமுறை வெளியேறியதைத் திரும்ப அழைக்க முடியாது என்பதற்கு 1952இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டையே போதும். இன்று அது இல்லாத ஏரி இந்த மாவட்டத்தில் அரிது.

மரபணுக் கலப்பைப் பற்றி நான் அஞ்சுவது வனாமியால் அன்று, அதற்கு மாற்றாக நாம் விரும்பிக் கேட்பதால். அயல் இறால் வேண்டாம், சொந்த இறாலை வளர்ப்போம் என்பது சூழலியலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை இறாலைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் பணியில் இறங்கியிருக்கிறது. நோயற்ற புலி இறாலும் பண்ணைகளுக்குத் திரும்பிவருகிறது. நல்ல முயற்சிகள். ஆனால் நார்வேயின் பாடம் அப்போதுதான் நம் வாசலுக்கு வரும். விரைவில் பெருக்க வேண்டும், தீவனத்தை நம்பி வாழ வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த வெள்ளை இறால், மழையில் கரை உடைந்து கழிக்குள் போனால், அங்கே இருக்கும் தன் இனத்தோடு கூடும். வனாமி தப்பினால் அயலான் ஒருவன் கூடுதலாக வந்து சேர்கிறான். பண்ணை வெள்ளை இறால் தப்பினால் கழி இறாலின் இயல்பே கலங்கும். மேம்படுத்திய இனம் குளத்துக்கு வருமுன்பே இந்தக் கரையின் இயற்கை வெள்ளை இறாலின் மரபணுப் பதிவை எடுத்து வைத்துவிட வேண்டும். கலந்த பிறகு ஒப்பிட அசல் இருக்காது.

இன்னொரு மறுப்பு: பண்ணை இறால் இருப்பதால்தான் கடல் இளைப்பாறுகிறது என்பது. பண்ணைத் தீவனத்தில் மீன்தூள் இருக்கிறது. அந்தத் தூளுக்கு விசைப்படகுகள் வாரிவரும் சங்காயம் என்னும் கழிவு மீன் போகிறது. சங்காயத்தில் பெருத்தால் நல்ல விலை போகக்கூடிய மீன்களின் குஞ்சுகளும் கிடக்கின்றன. கடலுக்குக் கிடைக்கும் இளைப்பாறல் அவ்வளவுதான். இறால் குறைந்ததற்கு இழுவை மடியும் வறண்ட ஏரிகளும்தான் காரணம், பண்ணை அன்று என்பார்கள். அவையும் காரணம்தான். நலிந்த உயிர் இன்னொரு சுமையைத் தாங்கும் என்பதற்கு அது ஆதாரமாகாது. வேலைவாய்ப்பு பற்றிய வாதத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். பண்ணையில் கூலி வாங்கும் குடும்பங்கள், கடன் வாங்கிக் குளம் வெட்டிய சிறு உழவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அதே தட்டில் மறுபக்கம் வைக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். வட தமிழகக் கழிகளில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து நகர்ந்து, பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குக் குளமும் இல்லை, கடனும் இல்லை, காப்பீடும் இல்லை. கழிக்குள் குஞ்சு வந்தால் அன்றைக்கு அடுப்பு எரியும். பண்ணையின் லாபத்தைக் கணக்கிடும் எந்தத் திட்ட அறிக்கையும் இந்த இழப்பைக் கழித்துக் காட்டுவதில்லை.

பண்ணைகளை ஒரே நாளில் மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1996 தீர்ப்புக்குப் பின் நடந்ததைப் பார்த்தால் அப்படிக் கேட்பதில் பயனும் இல்லை. கழிமுகத்துக்கு மொத்த வரம்பு வேண்டும் என்கிறேன். எடையன்திட்டோடு நீர் கொடுத்து வாங்கும் பண்ணைகளும் பொரிப்பகங்களும் எத்தனை, எவ்வளவு இறைக்கின்றன, எவ்வளவு விடுகின்றன என்பது ஒரே பட்டியலில் வர வேண்டும். அந்த மொத்தத்தை வைத்தே மாவட்டக் குழு புதுப் பதிவையும் புதுப்பித்தலையும் முடிவு செய்ய வேண்டும். கேடு இல்லை என்று காட்டும் கடமை மீனவர் தலையிலிருந்து பண்ணைக்கு மாற வேண்டும்.

இதோடு ஒரு புதிய கோரிக்கையையும் இந்த அவை முன் வைக்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருக வேண்டும் என்பதற்காக அந்தத் தொழிலாளர்கள் வருமானத்தை விட்டுக்கொடுத்துக் கரையில் இருக்கிறார்கள். கடலில் பிறந்த குஞ்சு கழிக்குள் நுழையும் நாட்களில் பண்ணைகள் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. மோட்டார் ஓடுகிறது, மதகு திறக்கிறது. கழிக்கும் ஒரு தடைக்காலம் வேண்டும். குஞ்சு வரத்து மிகுந்த வாரங்களில் இறைப்பும் வடிப்பும் நிற்க வேண்டும். பண்ணைகள் அதற்கு முன்பே தேக்கத்தை நிரப்பி வைத்துக்கொள்ளலாம், வளர்ப்புக் காலத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வளர்ப்பு நான்கு மாதத்துக்குள் முடிகிற தொழிலுக்கு இது தாங்கக்கூடிய கட்டுப்பாடுதான். படகுக்காரருக்குத் தடைக்கால நிவாரணம் தருவதுபோல் சிறு பண்ணைக்காரருக்கும் தந்தால் நான் ஆதரிப்பேன்.

அந்த வாரங்கள் எவை என்பதை வரையறுக்க, முகத்துவாரத்தில் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெருக்கு நீரில் குஞ்சு வலை வைத்து, இனம் பிரித்து எண்ண வேண்டும்; குறைந்தது இரண்டு பருவமழைக் காலங்களுக்கு விடாமல் எண்ண வேண்டும். வலை வைக்கத் தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். இனம் பிரிக்கத் தெரிந்த மாணவர்களும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே படகில் போக வேண்டும், எழுதும் ஏட்டில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். வலை எந்த இடத்தில், எவ்வளவு கண்ணளவில், எத்தனை மணி நேரம் என்பதை இன்று பிற்பகல் முதல் அமர்வில் மரக்காணம் மீனவப் பெரியோர்களே முதலில் பேசி முடிவு செய்யும்படி கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.